சபைச் செம்பு

திருத்தணியில் காவடி எடுக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு தோளும் ஒரு வேண்டுதலும் இருந்தால் மலை ஏறலாம். ஆனாலும் எங்கள் தெருவில் அதற்கென்று ஒரு சபை உண்டு. தலைவர், பொருளாளர், ஆயுள் உறுப்பினர், சாதா உறுப்பினர் என்று படிநிலைகள் உண்டு. செயலாளர் நான். வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன் தெருவில் சும்மா நடமாடுவது பொது அமைதிக்கு நல்லதல்ல என்று கருதியோ என்னவோ, சபைக்காரர்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்து விதிமுறைகள் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். செயலாளருக்கு விரதம் கட்டாயமில்லை என்று ஒரு விதியையும் போகிற போக்கில் சேர்த்துக்கொண்டேன். யாரும் படித்துப் பார்க்கவில்லை. விதிமுறைகளுக்கு எப்போதும் நேர்வது அதுதான்.

ஆயுள் உறுப்பினர்களில் மூத்தவர் என் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்தில் அக்கா வீட்டுக்காரரைப் பாவா என்போம். வீடு எனக்கு அடுத்த தெரு. நிலம் திருவாலங்காடு போகிற வழியில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. சபையின் மஞ்சள் துண்டை மற்றவர்கள் கிருத்திகைக்குக் கிருத்திகை போடுவார்கள்; பாவா ரேஷன் கடைக்கும் போடுவார். சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனபோதும் போட்டுக்கொண்டு போனார்.

“நம்ம சபைக்காரனுக்குன்னு மலையில தனியா ஒரு பார்வை உண்டு மச்சான்” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். “துண்டைப் பாத்தாலே முருகனுக்குத் தெரிஞ்சிடும்.”

“எவனாவது துண்டை எரவல் வாங்கிகினு போனா?”

“அதுக்குத்தான் நம்பர் போட்டுக் கீது” என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. துண்டின் ஓரத்தைப் பிரித்து, தைத்திருந்த எண்ணையும் காட்டினார்.

சபைக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. விரதத்துக்குக் காப்பு கட்டும் முன் பூசாரி ஒவ்வொருவரையும் பார்த்து, “யாரோட பேச்சு இல்ல?” என்று கேட்பார். பேச்சில்லாதவன் வீட்டுக்குப் போய், அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வரவேண்டும். மனத்தில் ஒரு முள்ளை வைத்துக்கொண்டு முருகன் எதிரில் நிற்கக்கூடாது என்பது கருத்து. சபை சிறிதாக இருந்தவரை இது நடந்தது. பிறகு உறுப்பினர்கள் பெருகினார்கள். பகைகள் அதைவிட வேகமாகப் பெருகின. ஒருவர் ஆர்.கே.பேட்டையில் இருக்கும் சகலையைத் தேடி டவுன் பஸ் ஏற வேண்டியிருந்தது. இன்னொருவர் அரக்கோணம் வரை போய், பங்காளி வீடு பூட்டியிருக்கக் கண்டு, பூட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். ஆகவே வசதிக்காக ஒரு ஏற்பாடு வந்தது. சபைக் கூடத்தில் ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் வைப்பது. கடைசியாகச் சேர்ந்த உறுப்பினர் அதை ஏந்தி நிற்பது. அவர்தான் ஊர். அவர் ஊற்றும் தண்ணீரைக் குடித்து, “யாரோடும் பகை இல்லை” என்று சொன்னால், எல்லாப் பகையாளி கையாலும் குடித்ததாகக் கணக்கு. நிர்வாகத்தில் இதற்கு அதிகாரப் பகிர்வு என்று பெயர். இரண்டு சம்பந்தி வீட்டோடும் பேச்சில்லாத ஒருவர் ஒரே மிடறில் வேலையை முடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தச் செம்புதான் போன தைக் கிருத்திகை சமயத்தில் எங்கள் குடும்பத்தைச் சந்தியில் நிறுத்தப் பார்த்தது.

பாவாவுக்கு ஒரு தம்பி. கிராமத்திலேயே இருந்து பயிர் செய்பவர். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் பெரியப்பா என்று பாவாவின் பெயரைப் போட்டிருந்தார்கள். ஆனால் தாய்மாமன் பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். அச்சகத்துக்காரன் செய்த வேலை என்று தம்பி வந்து சொன்னார். பாவா கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் வந்தார். அடுத்த வாரம் தன் நிலத்தின் முகப்பில் ஒரு இரும்புக் கேட்டைப் போட்டுப் பூட்டினார்.

தம்பியின் நிலம் பாவாவின் நிலத்துக்குப் பின்னால் இருக்கிறது. பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணன் நிலத்தின் ஓரமாகத்தான் வண்டி போய் வந்தது. அந்த வழி வழக்கத்தில் உண்டு, வரைபடத்தில் இல்லை. தம்பி அந்த வருடம் தன் நிலம் முழுக்க, எங்கள் பேச்சில் கொல்லை முழுக்க, கரும்பு வைத்திருந்தார். ஆள் நடக்க வரப்பு போதும். கரும்பு வரப்பில் நடந்து சர்க்கரை ஆலைக்குப் போகாது.

தை பிறந்ததும் தம்பி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மனு எழுத வந்தவர்கள் எல்லோரும் கொண்டுவருவது அது.

“ஆலையிலேர்ந்து கட்டிங் ஆர்டர் வந்துட்டுது மச்சான். வர்ற திங்கக்கிழமை ஆளு எறங்கறாங்க. அந்த ஆளுங்களை வுட்டா அப்புறம் ஆளு கெடைக்காது. வண்டிக்கு வழி கேட்டு ஒரு மனு எழுதிக் குடுங்க.”

மனு கொடுத்தால் என்ன நடக்கும் என்று விளக்கினேன். கிராம நிர்வாக அலுவலர் பார்வையிட்டு அறிக்கை தருவார். அதை வருவாய் ஆய்வாளர் பரிந்துரைப்பார். சர்வேயருக்கு எழுதுவார்கள். எதிர்மனுதாரருக்கு அழைப்பாணை போகும். அவர் வாய்தா கேட்பார், கொடுப்பார்கள், கொடுத்தாக வேண்டும்.

“அதுக்குள்ள கரும்பு பூ வெச்சிடுமே.”

“பூ இன்னாங்க, அடுத்த பொங்கலே வந்துடும்.”

அக்கா அப்போது என் வீட்டுச் சமையலறையில் என் மனைவியோடு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீரைக் காம்பும் கையுமாக வெளியே வந்தாள்.

“மனுவெல்லாம் எதுக்குடா? நீ செயலாளர்தானே? இவரை சபையில சேத்துடு.”

“சேத்து?”

“கடைசியா சேந்தவன்தானே செம்பு புடிக்கணும்?”

நான் விதிமுறைகளை மனத்துக்குள் புரட்டினேன். உறுப்பினர் எங்கள் தெருவில்தான் குடியிருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அக்கா பத்தாவது வரை படித்தவள். துறையில் இருந்திருந்தால் எனக்கு மேலதிகாரியாக இருந்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சபைக் கூடத்தில் புது மஞ்சள் துண்டோடு தம்பி செம்பை ஏந்தி நின்றார். வரிசையில் பாவாவின் முறை வந்தது. கூடமே திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் விஷயம் தெரியும். குடிக்காவிட்டால் காப்பு இல்லை. காப்பு இல்லாவிட்டால் காவடி இல்லை. பாவா காவடி எடுக்காத தைக் கிருத்திகையை எங்கள் தெரு பார்த்ததில்லை.

பாவா ஒரு நொடியும் தயங்கவில்லை. இரண்டு கையையும் குவித்தார், குடித்தார், துண்டால் வாயைத் துடைத்தார். “யாரோடும் பகை இல்லை” என்று பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னார். பூசாரி காப்பைக் கட்டினார். யாரோ அரோகரா என்று கத்தினார்கள். தம்பி செம்பை வைத்துக்கொண்டே அழுதுவிட்டார். பொருளாளர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சுலபத்தில் எதையும் வெளியே விடுகிறவர் அல்ல.

அக்கா மட்டும் வாசலில் நின்றபடி, “வாய் நனைஞ்சிது. பாக்கலாம்” என்றாள்.

மறுநாள் காலை சாப்பிட்டு முடித்திருந்தேன். தம்பியிடமிருந்து போன்.

“மச்சான், கேட்டு பூட்டிகினு கீது.”

“தெறக்கச் சொல்லலையா?”

“கேக்கணும்னே தோணலை மச்சான். நேத்தே எல்லாம் தீந்துபோச்சுன்னு நெனைச்சிட்டேன். விடியக்காத்தால ஆளுங்களை எறக்கிட்டேன். பாதிக் கொல்லை வெட்டித் தரையில கெடக்குது. வண்டி ரோட்டுல நிக்குது. வெயில் ஏறிகினே போவுது. அண்ணிக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்.”

வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் எடை இறங்கும், சாறு கெடும். ஒரு வருட உழைப்பு மத்தியானத்துக்குள் விறகாகத் தொடங்கும். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பாவா வீட்டுக்குப் போனேன்.

பாவா கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து நெற்றியில் விபூதி பூசிக்கொண்டிருந்தார். மஞ்சள் வேட்டி, மஞ்சள் துண்டு, மணிக்கட்டில் காப்பு. பார்க்கக் கும்பிடத் தோன்றும்.

“பாவா, கேட் பூட்டிக் கீதாமே?”

“ஆங். பூட்டித்தான் கீது.”

“நேத்து அவர் கையால தண்ணி குடிச்சீங்களே?”

“அவன் கையாலயா? சபைச் செம்புல குடிச்சேன். செம்பை எவன் புடிச்சிகினு நின்னா எனக்கின்னா? அது சபை விசயம். இது நெலத்து விசயம். ரெண்டையும் ஏன் கொழப்பறே?”

எனக்குக் கோபம் வரவில்லை. வியப்புதான் வந்தது. மனிதர் பொய் சொல்லவில்லை. சபையில் இருக்கிறார், காப்பு கட்டியிருக்கிறார், கட்டுவதற்கு முன் குடிக்க வேண்டியதைக் குடித்திருக்கிறார். ஆகவே முருகன் சொன்னதை எல்லாம் செய்தாகிவிட்டது என்று முழு மனத்தோடு நம்பினார். இதுதான் பயப்பட வேண்டியது. சபை எதுவும் இல்லாத முரடனுக்கு, தான் வழியை மறித்திருக்கிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

அதற்குள் ஒரு வாசனை வந்தது. முதலில் நம்பவில்லை. பிறகு பாவாவின் மூக்கும் நிமிர்ந்தது. விபூதித் தட்டைக் கீழே வைத்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, ஒரு முகம் எட்டிப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது.

“இன்னாடி இது நாத்தம்?” என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

“நெத்திலிக் கருவாடு” என்று அக்காவின் குரல் நிதானமாக வந்தது. “கத்திரிக்கா போட்டு.”

“விரத வூட்டுலயா?”

அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். “யாருக்கு விரதம்?”

“கையில காப்பு கட்டிகினு ஒக்காந்துகினு இருக்கேன். கண்ணு தெரியலையா?”

“கயிறு தெரியுது” என்றாள். “தம்பி கையால குடிச்சிருந்தா, இந்நேரம் கரும்பு வண்டியில ஏறியிருக்கும். ஏறலை. அப்போ நீங்க குடிக்கலை. குடிக்காதவருக்குக் காப்பு இல்லை. காப்பு இல்லாதவருக்கு விரதம் இல்லை. விரதம் இல்லாத ஆம்பளைக்கு நான் எதுக்குக் காலம்பற சாயங்காலம் தனியா பூசணிக்கா வேக வெச்சிகினு சாவணும்?”

என் பணிக்காலத்தில் எத்தனையோ ஆணைகளில் கையெழுத்திட்டிருக்கிறேன். இவ்வளவு கச்சிதமாக, மேல்முறையீட்டுக்கு ஓட்டையில்லாமல் ஒன்றுகூட எழுதியதில்லை.

“நான் ஆயுள் மெம்பர்டி!”

“இருங்களேன். ஆயுசுக்கும் இருங்க. யார் வாணான்னாங்க? சோறு போடட்டா?”

போட்டேவிட்டாள். வாழை இலையில் வெறும் சோறு ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. குழம்புச் சட்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக் கரண்டியை உள்ளே விட்டாள், ஊற்றவில்லை. பாவா இலைமேல் இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“மச்சான், நீ செயலாளர். நீயே சொல்லு. என் காப்பு செல்லுமா, செல்லாதா?”

“விதிப்படி செல்லும் பாவா.”

“பாத்தியா?” என்று அக்காவைப் பார்த்தார்.

“ஆனா விதியை எழுதினவன் நான்தானே பாவா” என்றேன். “முருகன் இல்லையே.”

பாவா இலைமேலிருந்த கையை எடுத்தார். சட்டியில் குழம்பு மெல்லக் கொதியடங்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

“நெசமாவே வெட்டிட்டானா?”

“பாதிக் கொல்லை” என்றாள் அக்கா.

“கேட்டு தெறந்துகினு கீதான்னு பாக்காமலா?”

“நீங்க குடிச்சதைப் பாத்தாரே. அதுக்கு மேல இன்னாத்தைப் பாக்கணும்?”

“நம்பிட்டானா?” என்றார் பாவா. “பைத்தியக்காரன். செம்புத் தண்ணியைப் போயி எவனாவது நம்புவானா?”

சொல்லி முடித்ததும் அவருக்கே தான் சொன்னது கேட்டிருக்க வேண்டும். சபையின் மூத்த ஆயுள் உறுப்பினர், காப்பு கட்டிய கையோடு, சபைச் செம்பைப் பற்றிச் சொன்ன சொல் அது. இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

“வண்டியை எடு மச்சான்.”

என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். மஞ்சள் துண்டு காற்றில் என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. வழியில் தெரிந்தவர்கள், “சாமி, எங்க கெளம்பிட்டீங்க?” என்று கேட்டார்கள். விரதக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். வழக்கமாக அந்த அழைப்புக்கு நெஞ்சை நிமிர்த்திக் கையுயர்த்துகிறவர், அன்று என் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டார்.

சாலையில் டிராக்டரும் காலி டிரெய்லரும் நின்றிருந்தன. வெட்டு ஆட்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பூட்டிய கேட்டுக்கு வெளியே தம்பி நின்றுகொண்டிருந்தார். கேட்டுக்கு அப்பால், பாவாவின் நிலத்தையும் தாண்டி, வெட்டிய கரும்பு வெயிலில் படுத்திருந்தது. அண்ணனைக் கண்டதும் தம்பி துண்டை இடுப்பில் கட்டினார். சண்டையா சமாதானமா என்று தெரியாமல் பழக்கத்தில் செய்த காரியம்.

பாவா பூட்டைத் தொடவில்லை. நேராகத் தம்பியிடம் போனார்.

“தண்ணி இருக்குதா?”

தம்பி பதறி, பக்கத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து நீட்டினார். பாவா வாங்கப்போய் நிறுத்தினார்.

“இது உன்னுதா?”

“வெட்டு ஆளுங்களுதுண்ணா.”

“உன்னுது குடு.”

இருவரும் வரப்பு மேல் ஒருவர் பின் ஒருவராக, தம்பியின் பம்பு செட்டுக்கு நடந்தார்கள். நான் பின்னால் போனேன். தம்பி மோட்டாரைப் போட்டார். குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. தம்பி இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். பாவா குனிந்து அந்தக் கையிலிருந்தே குடித்தார். விபூதி கரைந்தது, வேட்டி நனைந்தது, இருவருக்கும் புரையேறியது. யாரும் எந்த வாசகத்தையும் சொல்லவில்லை. பாவா நிமிர்ந்து, “மோட்டாரை நிறுத்துடா, கரண்ட் வீணாவுது” என்றார். ஐந்து மாதம் கழித்து அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் குடும்பப் பேச்சு அதுதான்.

பூட்டைத் திறந்தார். கேட் இரண்டு பக்கமும் விரிந்தது. தம்பி டிராக்டரில் ஏறினார். பாவா நிலத்துக்குள் நின்றுகொண்டு இரண்டு கையையும் வீசி வண்டியை அழைத்தார்.

“வா, வா... ஒடி, ரைட்ல ஒடி! ரைட்டுன்னா ரைட்டுடா! சோத்துக் கை பக்கம்!”

“எவ்ளோ ஒடிக்கிறது? இதுக்கு மேல வராதுண்ணா!”

“வரும், வா!”

வரவில்லை. டிராக்டர் நுழைந்தது, டிரெய்லர் கேட்டின் கல்தூணில் இடித்து நின்றது. தம்பி இறங்கி வந்து பார்த்தார்.

“கேட்டே ஒரு மாட்டு வண்டி அளவுக்குத்தானே வெச்சிகினு கீறே! டிரெய்லர் எப்படி நொழையும்?”

“நீ வரக்கூடாதுன்னுதானேடா வெச்சேன்! நொழையறதுக்கா வெச்சேன்?” என்று பாவா கத்தினார்.

வேப்பமரத்தடியில் சிரிப்பு கிளம்பியது. தம்பியும் சிரித்தார். பாவா முறைத்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் துண்டைத் தலையில் முண்டாசாகச் சுற்றிக்கொண்டு, ஆட்களிடம் கடப்பாறை கேட்டார். அவர்களே செய்வதாகச் சொன்னார்கள், விடவில்லை. அண்ணன் ஒரு பக்கம் குத்த, தம்பி ஒரு பக்கம் மண்ணை இழுக்க, தானே ஆள் வைத்து நட்ட கல்தூணைப் பாவா தானே அசைத்துச் சாய்த்தார். கேட்டின் ஒரு கதவு அதோடு சேர்ந்து பயிரில்லாத ஓரத்தில் மல்லாந்தது. டிரெய்லர் உள்ளே போயிற்று. ஆட்கள் கரும்புக்கட்டுகளை ஏற்றத் தொடங்கினார்கள். வெயில் உச்சியில்தான் இருந்தது. எடை கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் ஆலைக்குப் போகும் கரும்பாகவே இருந்தது.

தம்பி கீழே கிடந்த தூணைக் காலால் தட்டினார். “இதை எங்க போடறதுண்ணா?”

பாவா மூச்சு வாங்கிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார்.

“மடைக்குக் குறுக்கே போடு. சேத்துல கால வெக்காம தாண்டிகினு போலாம்” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, “மச்சான், உங்க அக்காவுக்கு போன் போடு. சட்டியை எறக்கிட்டு பூசணிக்காயை வேக வெக்கச் சொல்லு. எனக்குப் பசி உயிர் போவுது.”